நெல்லுக்கு இருட்டு வேண்டும்: சாலை விளக்குகளுக்கு மறைப்புத் தகடு போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

திருவாரூர் மாவட்டத்தில் வயல்களுக்கு நடுவே போகும் ஒரு கிராமச் சாலையில் வரிசையாக எல்.இ.டி. விளக்குகளும், முக்கூட்டில் ஒரு உயர்கோபுர விளக்கும் போட்டிருக்கிறார்கள். அதை ஒட்டிய சம்பா வயல்களில் என்ன நடக்கிறது என்று சொல்லத்தான் எழுதுகிறேன். கடிதம் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள். சுருக்கி எழுதினால் 'ஒரு விவசாயி தெருவிளக்கு வேண்டாம் என்கிறார்' என்று ஆகிவிடும். விளக்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

மார்கழியில் ஊர் வயல் முழுக்கக் கதிர் வாங்கி, முன்னால் நட்டவையெல்லாம் பால் பிடித்துத் தலை சாயத் தொடங்கிய நேரத்தில், சாலையோரப் பயிர் மட்டும் கரும்பச்சையாக, தோகை விறைத்துக்கொண்டு, கதிரே இல்லாமல் நின்றது. பார்த்தவர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். யூரியா கூடிப்போச்சு என்றார்கள், விதையில் கலப்பு என்றார்கள், சாலையோரம் தண்ணீர் வடியாமல் நின்றதால் பயிர் பின்தங்கிவிட்டது என்றும் சொன்னார்கள். ஒரு கடையில் அதற்கு டானிக்கே எடுத்துக் கொடுத்தார்கள். ஆனால் அந்தப் பச்சையின் வடிவத்தை வரப்பில் நின்று பார்த்தவர்களுக்கு இந்தக் காரணங்கள் எதுவும் ஒட்டாது. ஒவ்வொரு கம்பத்துக்கு நேராகவும் அது அரைவட்டமாக வயலுக்குள் இறங்கியிருந்தது. இரண்டு கம்பங்களுக்கு நடுவில் ஒடுங்கியது, உயர்கோபுர விளக்கு இருக்கும் முக்கூட்டில் அகலமாகப் பரவியது. உரம் தூவுகிற கை அப்படி அரைவட்டம் போடாது, கலப்பு விதையும் வட்டம் பார்த்து முளைக்காது.

இதைவிட உறுதியான சாட்சி ஒரு புங்கமரம். சாலைக்கும் வயலுக்கும் நடுவில் அது நிற்கிறது. அதன் நிழல் விழும் இடத்தில், கம்பத்துக்கு அவ்வளவு பக்கத்தில் இருந்தும், கதிர் ஊர்ப்பயிரோடு சேர்ந்தே வந்திருந்தது. இரவில் போய் நின்று பார்த்தால் நிழல் முடிகிற இடமும் கதிர் முடிகிற இடமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. அதே நாற்றங்கால், அதே நடவு, அதே தண்ணீர், அதே உரம். வெளிச்சம் ஒன்றுதான் வேறு.

நெல்லை அறுத்துப் பார்த்தாலும் தெரியும். நிழலுக்குள்ளிருந்து ஒரு தண்டையும் வெளிச்சத்திலிருந்து ஒரு தண்டையும், கதிர் வருவதற்கு மூன்று, நான்கு வாரம் முன்னாலேயே, அடியோடு எடுத்து பிளேடால் நெடுக்காகப் பிளக்க வேண்டும். நிழல்பக்கத் தண்டில் அடிக்கணுவுக்குக் கொஞ்சம் மேலே, சுருண்ட இலையுறைகளுக்கு உள்ளே, வெள்ளையாக, பஞ்சு நுனி மாதிரி ஒன்று தெரியும். இரண்டு மில்லிமீட்டர்தான் இருக்கும். கதிர் அங்கேதான் பிறக்கிறது. வெளிச்சத்துப் பக்கத் தண்டைப் பிளந்தால் அந்த இடத்தில் இலைக்குள் இலைதான், இன்னும் இலை விடுகிற வேலையிலேயே பயிர் இருக்கிறது. எந்த டானிக் ஊற்றினாலும் அந்த முடிவு மாறாது. ஏனென்றால் இது சத்துக் குறைவால் வந்தது இல்லை. பயிர் இன்னும் இரவு நீளவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறது.

பயிர் 'நினைக்கிறது' என்று எழுதினால் சிலர் மிகையென்பார்கள். சரி, 'அளக்கிறது' என்று வைத்துக்கொள்ளுங்கள், அதில் மிகை கிடையாது. 1918-ல் வாஷிங்டனுக்குப் பக்கத்தில் அமெரிக்க வேளாண் துறையின் பண்ணையில் கார்னர், அலார்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு புகையிலை ரகத்தை வைத்துக்கொண்டு திண்டாடினார்கள். கோடையில் அது பத்தடிக்கு மேல் வளர்ந்துகொண்டே போகும், பூக்காது. குளிர்காலத்தில் கண்ணாடிக் கூடத்தில் வைத்தால் சின்னச் செடியிலேயே பூத்துவிடும். சூடு, ஈரம், உரம் எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தும் பிடிபடவில்லை. கடைசியில் கோடையில் மாலை நேரத்துக்கு முன்பே தொட்டிகளைத் தூக்கி ஒரு இருட்டுக் கொட்டகைக்குள் வைத்தார்கள். அவ்வளவுதான், பூத்துவிட்டது. பகலின் நீளத்தைப் பார்த்துத்தான் செடி பூக்கிறது என்று 1920-ல் எழுதினார்கள்.

அதுவும் பாதி உண்மைதான். 1938-ல் சிகாகோவில் ஹாம்னரும் பானரும் மருளூமத்தைச் செடியை எடுத்துக்கொண்டார்கள், நம் ஊர்த் தரிசுகளில் முள்ளுக்காயோடு நிற்குமே, அதேதான். பகல் நடுவில் செடியைக் கொஞ்ச நேரம் இருட்டில் வைத்தால் அது கண்டுகொள்ளவில்லை, பூத்தது. நீண்ட இரவின் நடுவில் சில நிமிடம் விளக்கைப் போட்டு அணைத்தால் பூக்கவில்லை. அப்படியானால் செடி கணக்குப் பார்ப்பது பகலை இல்லை, இடையில் வெட்டுப்படாத இருட்டைத்தான். இந்த ஒரு விஷயத்தை விளக்குப் போடுகிறவர்கள் தெரிந்துகொண்டால் போதும், என் கடிதத்தின் மீதியைப் படிக்காவிட்டாலும் பரவாயில்லை.

வெளிச்சத்தைக் கண்டுபிடிக்கும் பொருளின் பெயர் பைட்டோகுரோம். இலையில் இருக்கும் ஒரு நிறமிப் புரதம். சிவப்பு ஒளி, அதாவது 660 நானோமீட்டர் அளவிலான ஒளி பட்டால் அது ஒரு வடிவத்துக்கு மாறும், அதைவிட ஆழ்ந்த 730 நானோமீட்டர் சிவப்பு பட்டால் பழைய வடிவத்துக்குத் திரும்பும், இருட்டிலும் மெல்ல மெல்லத் திரும்பும். 1952-ல் அமெரிக்காவின் பெல்ட்ஸ்வில் ஆய்வகத்தில் லெட்யூஸ் கீரை விதைகளுக்கு இந்த இரண்டு ஒளியையும் மாற்றி மாற்றிக் காட்டினார்கள். எத்தனை முறை மாற்றினாலும் கடைசியாகப் பட்டது எதுவோ அதன்படிதான் விதை முளைத்தது அல்லது முளைக்காமல் இருந்தது. நெல்லிலும் இரவு வெளிச்சத்தைக் கண்டு கதிரைத் தடுப்பது இந்தப் பைட்டோகுரோம் குடும்பத்தில் ஒன்றுதான். வெள்ளை எல்.இ.டி. விளக்கிலும் சிவப்பு கலந்துதான் இருக்கிறது, முன்பு இருந்த சோடியம் விளக்கின் மஞ்சளும் பயிருக்கு நல்லதாக இருந்ததில்லை. வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள்; பௌர்ணமி நிலவு தரையில் கால் லக்ஸ் அளவுக்குத்தான் வெளிச்சம் தருகிறது, சாலை விளக்குக்கு அடியில் 10, 20 லக்ஸ் சாதாரணம். மனிதக் கண்ணுக்கு மங்கலாகத் தெரியும் தூரத்து வெளிச்சம்கூட பயிருக்கு நிலவைவிடப் பல மடங்கு.

இலை பார்க்கிறது, குருத்து பூக்கிறது. இரண்டும் வேறு வேறு இடம், நடுவில் ஏதோ ஒன்று பயணம் செய்தாக வேண்டும். 1880-லேயே சார்லஸ் டார்வினும் அவர் மகன் பிரான்சிஸும் புல் நாற்றின் நுனியை மூடிப் பார்த்தார்கள். மூடினால் நாற்று ஜன்னல் பக்கம் வளையவில்லை, வளைவது நுனிக்குக் கீழே இருந்தாலும். நுனி உணர்கிறது, சேதி கீழே இறங்குகிறது என்றார்கள், அந்தச் சேதிதான் பின்னால் ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன் என்று கண்டறியப்பட்டது. பூக்கும் விஷயத்திலும் அதே கதை. 1930-களில் சோவியத் விஞ்ஞானி சைலாக்யான் சாமந்தியை வைத்து, கீழ் இலைகளுக்கு மட்டும் நீண்ட இரவைக் கொடுத்து, நுனி மொட்டுக்கு நீண்ட பகலைக் கொடுத்தபோதும் செடி பூத்தது. இலையிலிருந்து ஏதோ போகிறது என்றார், அதற்கு ஃபுளோரிஜென் என்று பேரும் வைத்தார், ஆனால் அது என்ன என்று எழுபது வருஷம் யாருக்கும் பிடிபடவில்லை. 2007-ல் ஜப்பானில் நெற்பயிரில் அது பிடிபட்டது. எச்.டி.3.ஏ. என்ற புரதம் இலையில் உருவாகி, சாறு ஓடும் குழாய் வழியாகக் குருத்துக்குப் போய்ச் சேருகிறது. அது சேர்ந்த பிறகுதான் குருத்து இலை விடுவதை நிறுத்திவிட்டுக் கதிர் கட்டத் தொடங்குகிறது. இரவு நடுவில் வெளிச்சம் பட்டால் அந்தப் புரதம் உருவாவதே தடைபடுகிறது. நான் பிளேடால் பிளந்து பார்த்த தண்டில் அந்தச் சேதி வந்து சேரவில்லை, அவ்வளவுதான் நடந்தது.

இதில் நம் ஊருக்கென்று ஒரு விசேஷம் இருக்கிறது. டெல்லியில் ஆண்டின் நீளமான பகலுக்கும் குறுகிய பகலுக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம். காவிரி டெல்டாவில் ஆனி மாதப் பகல் ஏறக்குறைய 12¾ மணி, மார்கழிப் பகல் 11½ மணி. மொத்த வித்தியாசமே ஒன்றேகால் மணி நேரம்தான். ஐப்பசி பிறக்கும்போது பகல் 12 மணிக்குக் கொஞ்சம் கீழே இறங்கியிருக்கும், நமக்கு அது தெரியவே தெரியாது. அந்தச் சில நிமிடக் குறைவைத்தான் பழைய சம்பா ரகங்கள் பிடித்துக்கொண்டு கதிருக்குத் தயாராகின்றன. மழைக்காலம் முடிந்து வெயில் திரும்பும்போது பால் பிடித்து, தையில் அறுப்புக்கு வரும்படி இந்த மண்ணுக்கு ஏற்ற கணக்கு அது. பத்து நாள் முன்னே பின்னே விதைத்தாலும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் கதிர் வாங்கும். 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்று சொன்னவர்கள் பைட்டோகுரோமைப் பார்த்ததில்லை, ஆனால் பயிர் காலம் பார்க்கும் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஒன்றேகால் மணி நேரத்துக்குள் இவ்வளவு நுணுக்கமாக அளக்கும் பயிருக்குப் பக்கத்தில், அந்தி சாய்ந்ததிலிருந்து விடியும்வரை ஒரு விளக்கை எரியவிட்டால் அது எதை அளக்கும்?

சாலைக்கு எதிர்ப்புறம் ஒருவர் குறுகிய கால ரகம் போட்டிருந்தார், அவர் வயலில் ஒன்றும் ஆகவில்லை. அதைக் காட்டித்தான் 'விளக்கு காரணமென்றால் அவருக்கும் வந்திருக்க வேண்டுமே' என்று என்னிடம் வாதாடினார்கள். அதற்கும் பதில் இருக்கிறது. 1966-ல் ஐ.ஆர்.8 என்ற நெல் ரகம் வந்ததிலிருந்து, எந்தப் பருவத்தில் போட்டாலும் இத்தனை நாளில் அறுக்கலாம் என்று ரகங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். இரவைப் பார்க்காத, நாட்களை மட்டும் எண்ணுகிற ரகங்கள். குறுவைக்கு அவைதான் சரி, பஞ்சத்திலிருந்து நாட்டைத் தூக்கிவிட்டவையும் அவைதான். ஆனால் இப்போது மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம் என்று பழைய நெல்லைத் தேடித் தேடி இளைஞர்கள் நடுகிறார்கள், விதைத் திருவிழாவெல்லாம் நடக்கிறது. இரவைப் பார்த்துக் கதிர் வாங்கும் குணம் அந்த நீண்ட கால ரகங்களோடு கூடவே வருவது. பழைய விதையை மீட்டுக்கொண்டுவந்தால் அதற்கு வேண்டிய இருட்டையும் சேர்த்து மீட்க வேண்டும்.

செடிக்கு விளக்கு என்ன செய்யும் என்று கேட்பவர்களை ஓசூர்ப் பக்கம் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். சாமந்தி வயலில் வரிசை வரிசையாக பல்பு தொங்கும். சாமந்தியும் நீண்ட இரவில் பூக்கும் செடி, ராத்திரியில் விளக்கைப் போட்டுப் பூப்பதைத் தள்ளிவைத்து, விலை கிடைக்கும் நேரத்துக்குப் பூவை வரவைக்கிறார்கள். வியட்நாமின் பின் துவான் பகுதியில் டிராகன் பழத் தோட்டங்களில் இதற்கு நேர்மாறு: அது நீண்ட பகலில் பூப்பது, அதனால் பருவம் தப்பிப் பூக்கவைக்க இரவெல்லாம் விளக்கு. கோயம்புத்தூரில் 1912-ல் கரும்பு இனப்பெருக்க நிலையம் அமைந்ததற்கும் இதில் தொடர்பு உண்டு, வேறு இடங்களில் பூக்கத் தயங்கும் கரும்பு அங்கே நன்றாகப் பூக்கும் என்பதால்தான் ஒட்டுக்கட்டும் வேலைக்கு அந்த ஊரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆக, பணம் போட்டு பல்பு வாங்கித் தொங்கவிட்டு விவசாயி செய்துகொள்கிற காரியத்தை, சம்பாவில் யாரும் கேட்காமலே சாலை விளக்கு செய்துகொண்டிருக்கிறது.

1936-லேயே நியூயார்க்கில் மாட்ஸ்கி என்ற தாவரவியலாளர் தெருவிளக்குக்குப் பக்கத்துக் கிளைகள் மட்டும் இலையுதிர்காலத்தில் இலை உதிர்க்காமல் பச்சையாக நிற்பதைப் பதிவு செய்திருக்கிறார். நேற்று இன்று கண்டுபிடித்த விஷயம் இல்லை என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

செடிக்கு உணர்வு என்றாலே நம் ஆட்களுக்குத் தொட்டாச்சுருங்கி மட்டும்தான் ஞாபகம் வருகிறது. வரப்போரத்தில் அதைத் தொட்டுத் தொட்டு விளையாடாத பிள்ளை கிடையாது. தொட்டதும் ஒரு மின்துடிப்பு காம்பு வழியாக ஓடுகிறது, இலைக்காம்பின் அடியில் இருக்கும் சிறு வீக்கத்தின் ஒரு பக்கத்து செல்களிலிருந்து பொட்டாசியம் அயனிகளும் பின்னாலேயே தண்ணீரும் வெளியேறுகின்றன, அந்தப் பக்கம் தளர்ந்து இலை தொங்கிவிடுகிறது. ஜெகதீஷ் சந்திர போஸ் இந்தச் செடியின் மின்துடிப்பை அளப்பதில் பல ஆண்டுகளைச் செலவிட்டார். புல்லும் மரமும் தொடுதலை அறியும் ஓரறிவு உயிர் என்று தொல்காப்பியமும் சொல்கிறது. ஆனால் இதே தொட்டாச்சுருங்கி வேறொன்றையும் காட்டிக்கொடுத்தது. அதன் இலை பகலில் விரியும், இரவில் மூடும். 1729-ல் பிரான்சில் டி மைரான் என்பவர் அதைத் தூக்கி முழு இருட்டில் வைத்தார். சூரியனே படாத இடத்திலும் பகல் வேளையில் இலை விரிந்தது, இரவு வேளையில் மூடியது. செடிக்குள்ளேயே ஒரு கடிகாரம் ஓடுகிறது என்பதற்கு முதல் தடயம் அதுதான். நெல் இரவை அளப்பதும் அப்படியொரு உள்கடிகாரத்தை வைத்துத்தான், பைட்டோகுரோம் இப்போது வெளிச்சமா இருட்டா என்று சொல்ல, எத்தனை நேரமாக என்பதைக் கடிகாரம் சொல்கிறது.

தூங்குமூஞ்சி மரமும் புளியமரமும் சாயந்திரம் இலை மூடுவதை எல்லோரும் பார்த்திருப்போம். ஏன் மூடுகின்றன என்பதற்குப் பல விளக்கங்கள் உண்டு. ஜெர்மன் தாவரவியலாளர் எர்வின் ப்யூனிங் 1969-ல் சொன்ன ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். நிலா வெளிச்சம் இலைப் பரப்பில் நேராக விழுந்து இரவின் கணக்கைக் கெடுத்துவிடாமல் இருக்கவே சில செடிகள் இலையை மடித்துக்கொள்கின்றன என்றார் அவர். கால் லக்ஸ் நிலவுக்கே அப்படியொரு ஏற்பாடு தேவைப்பட்டிருக்கலாம் என்றால் விளக்குக் கம்பத்துக்குப் பயிர் என்ன செய்யும்? நெல்லுக்கு மடித்துக்கொள்ள வழியில்லை.

நெல் ஒன்றும் உணர்வில்லாமல் நிற்கும் பயிர் இல்லை என்பதை டெல்டாவில் ஒவ்வொரு ஐப்பசி, கார்த்திகையிலும் பார்க்கலாம். காற்றும் மழையும் அடித்துப் பச்சைப்பயிர் படுத்துவிட்டால், தண்ணீர் வடிந்த இரண்டொரு நாளில் தலை தூக்கும். தண்டு முழுவதும் நிமிராது, கணுவில் முட்டி மடிந்த மாதிரி வளைந்து அங்கிருந்து மேல் பகுதி மட்டும் நிமிரும். குனிந்து அந்தக் கணுவைத் தொட்டுப் பார்த்தால் அடிப்பக்கம் புடைத்து நீண்டிருக்கும், மேல்பக்கம் அப்படியே இருக்கும். கணுவை ஒட்டிய இலையுறையின் அடிப்பகுதி செல்களில் மாவுச்சத்து மணிகள் இருக்கின்றன, தண்டு சாய்ந்ததும் அவை செல்லின் புதிய அடிப்பக்கத்தில் போய் விழுகின்றன. கீழ் எது, மேல் எது என்று பயிருக்குத் தெரிவது அப்படித்தான். உடனே ஆக்சின் கீழ்ப்பக்கம் கூடுகிறது, கீழ்ப்பக்கச் செல்கள் நீள்கின்றன, பயிர் மேலே வளைகிறது. வேர் நுனியிலும் இதே மணிகள்தான், ஆனால் வேரில் ஆக்சின் கூடிய பக்கம் வளர்ச்சி குறைவதால் வேர் கீழே போகிறது. கதிர் முற்றிய பிறகு விழுந்தால் எழாது, அது விவசாயிக்குத் தெரியும். விழுந்த பயிரை எழுப்பிவிட நாம் யாரும் கைகொடுக்க வேண்டியதில்லை, தண்ணீரை வடித்துவிட்டால் போதும். வெளிச்ச விஷயத்திலும் பயிர் நம்மிடம் கேட்பது அவ்வளவுதான், குறுக்கே நிற்காமல் இருந்தால் போதும்.

நஷ்டம் என்ன என்றும் சொல்லிவிடுகிறேன். அரைவட்டத்துக்குள் இருப்பது வயலில் ஒரு பகுதிதான், அது போனால் போகட்டும் என்று விடவும் முடியவில்லை. அறுவடை இயந்திரம் ஒரு தடவைதான் வரும். ஊரெல்லாம் அறுக்கும்போது அறுத்தால் சாலையோரப் பகுதியில் பால் பிடித்தும் பிடிக்காததுமான பச்சை நெல், நல்ல நெல்லோடு கலந்து ஈரம் ஏறிவிடுகிறது. கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதம் என்பது விதி. மூட்டையைக் கொட்டிக் காயவைத்து, மறுபடி தூற்றி, பனியில் தார்ப்பாய் போட்டுக் காத்துக்கிடக்க வேண்டும். அது பழுக்கட்டும் என்று காத்திருந்தால் மற்ற இடமெல்லாம் முற்றி மணி உதிரும், தண்ணீர் வேறு நின்றுவிட்டிருக்கும். சில தூர்களில் கடைசிவரை கதிரே வராமல் வைக்கோலாகத்தான் போனது. கூடவே விளக்குக்கு வருகிற அந்துப்பூச்சி. தண்டுத் துளைப்பானைப் பிடிக்க நாமே வயலில் விளக்குப்பொறி வைக்கிறோம், இங்கே பொறி இல்லாமல் விளக்கு மட்டும் இருக்கிறது.

சம்பந்தப்பட்டவர்களிடம் சொல்லாமல் இல்லை. மனு கொடுத்தோம். 'விளக்கு வேண்டும் என்றும் மனு வருகிறது, வேண்டாம் என்றும் மனு வருகிறது' என்று அலுத்துக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்லி இதை எழுதவில்லை, நெல்லுக்கும் விளக்குக்கும் தொடர்பு உண்டு என்று யாரும் அவர்களுக்குச் சொல்லித்தந்திருக்க மாட்டார்கள். அந்த முக்கூட்டில் விளக்கு இல்லாத காலத்தில் வேலை முடிந்து கடைசிப் பஸ்ஸில் இறங்கி வரும் பெண்பிள்ளைகள் பட்ட பயம் எனக்குத் தெரியும். பாம்பும் உண்டு, விபத்தும் உண்டு. அந்த விளக்கைப் பிடுங்கச் சொன்னால் முதலில் எதிர்ப்பவன் நானாக இருப்பேன்.

கேட்பது வெளிச்சம் சாலையில் விழட்டும், வயலில் விழ வேண்டாம் என்பது மட்டும்தான். வயல் பக்கம் ஒரு தகரத் தகடு அடித்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது, அந்தச் செலவு விளக்கு விலையில் ஒன்றுமே இல்லை. இப்போது விளக்குகளைச் சாய்வாகப் பொருத்தியிருக்கிறார்கள், தூரத்துக்கு வெளிச்சம் போகட்டும் என்று. அதை நேராகக் கீழே பார்க்கத் திருப்பினால் சாலைக்குத்தான் இன்னும் நன்றாக இருக்கும், எதிரே வருகிறவர் கண்ணும் கூசாது. உயர்கோபுர விளக்கு வயல் நடுவே அறவே பொருந்தாது, அவ்வளவு உயரத்திலிருந்து விழும் வெளிச்சத்தை எந்தத் தகடும் முழுசாக மறைக்காது, அந்த இடத்தில் தாழ்வான கம்பங்கள் இரண்டு மூன்று போட்டால் வேலை நடந்துவிடும். கடைசிப் பஸ் போன பிறகு வெளிச்சத்தைத் தானாகக் குறைத்து, ஆள் நடமாட்டம் தெரிந்தால் கூட்டும் விளக்குகள் கடையிலேயே கிடைக்கின்றன. இரவு நடுவில் குறுக்கே விழும் வெளிச்சம்தான் அதிகம் கெடுப்பது என்பதால் இது நெல்லுக்கு நல்லது, மின்கட்டணமும் மிச்சம். ஜப்பானில் நெல்லைப் பாதிக்காத தெருவிளக்கு எப்படி இருக்க வேண்டும் என்று ஆராய்ச்சியே நடக்கிறது. நெல் விளையும் நாட்டில் அது யோசிக்கவேண்டிய விஷயம்தானே.

ஆடுதுறையில் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, கோவையில் வேளாண் பல்கலைக்கழகம் இருக்கிறது. எந்தெந்த ரகம் இரவு வெளிச்சத்துக்கு எவ்வளவு அசைந்துகொடுக்கும், கம்பத்திலிருந்து எத்தனை அடி தள்ளி நடலாம் என்று எங்களைப் போன்றவர்களுக்குப் புரிகிற மாதிரி ஒரு பட்டியல் அவர்கள் போட்டுத் தந்தால், சாலையோரத்துக்குக் குறுகிய கால ரகமும் உள்ளே சம்பாவும் என்று நாங்களே பிரித்து நட்டுக்கொள்வோம். விதை வாங்கும்போது பையில் நாள் எண்ணிக்கை அச்சடிப்பது போல இதையும் ஒரு வரி அச்சடிக்கலாம். இளைய ஆசிரியர்கள் யாராவது இதைப் படித்தால், ஒன்பதாம் வகுப்பில் ஒளிச்சார்பசைவு, புவிச்சார்பசைவு என்று மனப்பாடம் செய்யவைக்கும் நேரத்தில் பிள்ளைகளை ஒரு மாலை இப்படிப்பட்ட வயலுக்கு அழைத்துவாருங்கள், புங்கமர நிழலை அவர்களே காலால் அளந்து பார்க்கட்டும்.

உங்கள் நாளிதழ் கிராமம் வரை போகிறது, அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். வேறு ஊர்களிலும் சாலையோரம் கதிர் வராமல் நின்றிருக்கும், அவர்களும் யூரியாவைத் திட்டிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் ஒரு இரவு போய், வெளிச்சம் எங்கே விழுகிறது என்று பார்த்து எழுதினால் இது எத்தனை இடத்தில் இருக்கிறது என்று தெரியவரும். அடுத்த சம்பாவுக்குப் பயிர் இரவை அளக்கத் தொடங்குவது புரட்டாசி, ஐப்பசியில். தகடு அடிப்பதென்றால் ஆவணி முடிவதற்குள் அடித்துவிட வேண்டும், கார்த்திகையில் அடித்துப் பிரயோஜனமில்லை.

இப்படிக்கு,
ஒரு சம்பா விவசாயி,
திருவாரூர் மாவட்டம்